பழமை பூசும் கைகள்: மாதிரிப் புகையிரதங்களின் உலகம்

புதிதாக வாங்கிய ஒரு சாமானை அழுக்குப் படாமல் துடைத்து வைப்பதே எமது வழக்கம். ஆனால் கடையால் கொண்டுவந்த பளபளப்பான எஞ்சின் ஒன்றை மேசையில் வைத்து, அதற்குக் கரியும் துருவும் பூசிப் பழையதாக்க ஒரு மாலைப்பொழுது முழுவதையும் செலவிடுவோரும் இருக்கிறார்கள். இங்கிலாந்து, ஜேர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில் மாதிரிப் புகையிரதம் செய்வோரைத்தான் சொல்கிறேன். இந்தப் பழமை பூசும் வேலையை அவர்கள் 'வெதரிங்' என்பார்கள். வெயில், மழை, புகை, உழைப்பு ஆகியவை ஒரு பொருளில் விட்டுச்செல்லும் அடையாளங்களைத் தூரிகையால் கொண்டுவருவதே அது.

இதைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். செய்பவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். ஒரு மேசையிலோ ஓர் அறை முழுவதிலுமோ தண்டவாளம், நிலையம், கடவை, வீடுகள், மரங்கள், மலைகள் எல்லாவற்றையும் ஓர் அளவுக்குச் சுருக்கி அமைப்பார்கள். இங்கிலாந்தில் மிகவும் வழக்கிலுள்ள அளவு 76இல் ஒரு பங்கு. அதாவது உண்மையான ஓர் அடி, மாதிரியில் 4 மில்லிமீற்றர். 5 அடி உயரமான பெண் ஒருத்தி 20 மி.மீ. உயரத்தில் நிற்பாள். 6 அடிக் கதவு 24 மி.மீ. எமது நாட்டின் அகலத் தண்டவாளம் 5 அடி 6 அங்குலம் என்பதால் இந்த அளவில் 22 மி.மீ. ஆகும். இங்கிலாந்தினது 4 அடி எட்டரை அங்குலம் என்றபடியால் 19 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும். ஆனால் அங்கே கடைகளில் விற்கப்படும் தண்டவாளம் 16.5 மி.மீ. தான்! தொடக்க காலத்தில் ஏற்பட்ட ஒரு பொருத்தமின்மை அப்படியே நிலைத்துவிட்டது. இதைப் பற்றி இன்றும் அவர்கள் வாதிட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டால் எமது ஊர்க் கோயில் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

மறையும் ஊரை அளந்தவர்

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பொழுதுபோக்கு என்பது ஒரு பதில். அதைவிட ஆழமான பதில் ஒன்று ஒக்ஸ்போட்ஷயர் மாவட்டத்தில், லோங் விற்றனம் என்ற சிறு கிராமத்தில் இருக்கிறது. அங்கே பென்டன் அருங்காட்சியகம் உள்ளது. இதைத் தொடங்கியவர் ரோய் இங்கிலன்ட் என்பவர். பெயர் இங்கிலன்ட் என்றாலும் ஆள் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்.

1925ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்துக்கு வந்தார். மலைச்சரிவில் வெண்சுண்ணத்தால் ஆன பழங்காலக் குதிரை உருவம் ஒன்றின் பெயரால் அழைக்கப்படும் பள்ளத்தாக்குப் பகுதியின் கிராமங்கள் அவரது மனதைப் பிடித்துக்கொண்டன. அங்கிருந்த வீடுகள் நாணலும் வைக்கோலும் வேய்ந்த கூரைகளைக் கொண்டவை. பல தலைமுறையாகக் கைமாறி வந்த வேலைப்பாடு அது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரைகள் பிரிக்கப்பட்டன, பழைய வீடுகள் இடிக்கப்பட்டன, தெருக்கள் அகலமாயின. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. காலம் மாறியது, அவ்வளவுதான்.

தடுக்க முடியாததை அளந்துவைக்கலாம் என்று ரோய் இங்கிலன்ட் தீர்மானித்தார். வீடு வீடாகச் சென்று சுவர்களை அளந்தார், படமெடுத்தார், கல்லின் நிறத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு மட்டையாலும் வர்ணத்தாலும் ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினார். 1954இல் லோங் விற்றனத்தில் அருங்காட்சியகத்துக்கான இடம் அமைந்தது. 1995இல் அவர் காலமானார். தொண்டர்கள் வேலையைத் தொடர்கிறார்கள். 1920களிலும் 30களிலும் இருந்த கிராமப்புறமும் அதனூடாக ஓடிய புகையிரதமும் அங்கே சிறு உருவில் நிற்கின்றன. ஊரின் பெயர் கற்பனை. வீடுகளில் பெரும்பாலானவை உண்மையில் இருந்தவற்றின் பிரதிகள்.

கூரை வேய்ந்திருக்கும் விதம்தான் பார்ப்போரை முதலில் வியக்க வைப்பது. தண்ணீர்க் குழாய் பொருத்துவோர் மரையில் சுற்றும் சணல் போன்ற நார் இருக்கிறதல்லவா? அதைச் சிறு கற்றைகளாக எடுத்து, அடியிலிருந்து முகடு நோக்கி, உண்மையான கூரை வேய்வது போலவே வரிசை வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். கிடுகு வேய்ந்து பழகியவர்களுக்கு அந்த ஒழுங்கு உடனே விளங்கும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் உள்ளே இறங்கும். மாதிரி வீட்டில் மழை பெய்யப் போவதில்லை. இருந்தும் முறை மாறவில்லை. வீட்டுத் தோட்டத்து மரக்கறிகள்கூட ஒவ்வொன்றாகக் கையால் செய்யப்பட்டவை. ஒரு வீட்டை முடிக்கப் பல மாதங்கள் செல்லும், சில வேளை அதற்கும் மேல்.

போருக்காகச் செய்த எஞ்சின்

அழகான கிராமங்களை மட்டும் செய்வதில்லை. நிலக்கரிச் சுரங்கம், இரும்பு ஆலை, துறைமுகம், கல்லுடைக்கும் இடம் ஆகியவற்றில் உழைத்த சிறிய நீராவி எஞ்சின்களைச் செய்வதில் தனி ஈடுபாடு கொண்டவர்கள் பலர். பிரயாணிகளை ஏற்றிய பெரிய கரிக்கோச்சிகளைப் போல இவற்றை யாரும் துடைத்து மினுக்கி வைத்ததில்லை. ஆகவே பழமை பூசுவோருக்கு இவை நல்ல வயல்.

அவற்றுள் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, படைத்தளங்களிலும் துறைமுகங்களிலும் பெட்டிகளை இழுத்து மாற்றுவதற்குப் பிரித்தானியப் போர்த் திணைக்களத்துக்கு எஞ்சின்கள் தேவைப்பட்டன. லீட்ஸ் நகரில் இருந்த ஹன்ஸ்லட் நிறுவனம் ஒரு வடிவத்தைக் கொடுத்தது. பெயரே 'ஒஸ்ரெரிற்றி', அதாவது சிக்கனம். கொதிகலனின் மேல், குதிரையின் முதுகில் சேணம் போட்டது போலக் கவிழ்ந்திருக்கும் தண்ணீர்த் தாங்கி. ஆறு சில்லுகள். ஒவ்வொன்றும் 4 அடி 3 அங்குல விட்டம். நிறை 48 தொன். கிடைப்பதற்கரிய உலோகங்களைத் தவிர்த்து, விரைவாகச் செய்து முடிக்கக் கூடியதாக வரைந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கடுமையாக உழைத்தால் போதும் என்பதே எதிர்பார்ப்பு.

1943இல் முதலாவது எஞ்சின் வெளிவந்தது. ஆறு நிறுவனங்கள் சேர்ந்து போர்த் திணைக்களத்துக்கு 377 எஞ்சின்களைச் செய்து கொடுத்தன. படைகள் கரையேறியபின் பல எஞ்சின்கள் கடல் கடந்து பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளுக்குச் சென்றன. போர் முடிந்தது. எஞ்சின்கள் முடியவில்லை. 75 எஞ்சின்களை ஒரு புகையிரத நிறுவனம் வாங்கியது. மேலும் பல நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போயின. அவை அங்கே நன்றாக உழைத்ததைக் கண்டு 1964 வரை புதிதாகவும் செய்தார்கள். மொத்தம் 485. இரண்டு ஆண்டுகளுக்கென்று பிறந்த எஞ்சின் 1980களிலும் சுரங்க முற்றங்களில் கரிப்பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தது. அரைநூறுக்கும் மேற்பட்டவை இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. போருக்கென்று செய்த சாமான்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பிந்திய வாழ்வு கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

76இல் ஒரு பங்காகச் சுருங்கினால் இந்த எஞ்சின் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் நீளம், உள்ளங்கையில் வைக்கலாம். கடையில் வரும்போது அது ஒரு பிளாஸ்ரிக் பொருள். அதைச் சுரங்கத்து எஞ்சினாக மாற்றுவதுதான் வேலை.

அழுக்குக்கும் காரணம் வேண்டும்

புதிதாகத் தொடங்குவோர் கறுப்பையும் கபிலத்தையும் எடுத்துக் கண்டபடி அப்பிவிடுவார்கள். அது சேற்றில் விழுந்த பொம்மை போல் இருக்குமே தவிர, உழைத்த எஞ்சின் போல் இராது. உண்மையில் எஞ்சினில் உள்ள ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. புகைபோக்கியிலிருந்து எழும் கரி மேலிருந்து விழும். ஆதலால் கூரையும் தாங்கியின் முதுகும் மங்கிய சாம்பல் கறுப்பு. சில்லுகளும் அடிச்சட்டமும் எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிய கருங்கபிலம். தண்ணீர் நிரப்பும் வாயில் வழிந்த நீர், தாங்கியின் பக்கங்களில் செங்குத்தாகக் கோடு போட்டிருக்கும். ஊதுகுழல், நீராவி தள்ளும் வால்வு ஆகியவற்றின் கீழே வெள்ளைக் கோடுகள் தெரியும். கொதித்து ஆவியான தண்ணீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு அது. உப்புத் தண்ணீர்க் கேத்தலின் மூக்கைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முன்பக்கப் புகைப்பெட்டியின் அடியில் வெப்பத்தால் வர்ணம் வெந்து போகும். அங்கே துரு பிடிக்கும்.

துருவும் ஒரே நிறமல்ல. புதிய துரு செம்மஞ்சள். பழைய துரு கறுப்புக்குக் கிட்டிய கபிலம். இரண்டையும் கலந்து ஒரே பூச்சாகப் பூசினால் பொய் தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு எதிரான இடம். எஞ்சின் முழுவதும் கரியாக இருந்தாலும் ஏறும் படியின் விளிம்பு, கைபிடிக் கம்பி, சாரதி கையூன்றும் சன்னல் ஓரம் ஆகியவை மினுங்கும். நாளுக்குப் பலமுறை கையும் காலும் பட்டுப் பட்டு அழுக்கு நிற்க இடமில்லாமல் போன இடங்கள் அவை. நல்ல மாதிரிக்காரர் கடைசியில் ஒரு மெல்லிய தூரிகையில் ஈயநிறம் தொட்டு, பெரும்பகுதியைக் கடதாசியில் துடைத்துவிட்டு, அந்த விளிம்புகளில் மட்டும் தடவுவார். அப்போதுதான் எஞ்சினுக்குள் ஆள் இருந்தது தெரியும்.

செய்முறையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மினுக்கமற்ற வார்னிஷ் ஒன்று பூசிப் பளபளப்பைக் கொல்ல வேண்டும். பிறகு கருங்கபில வர்ணத்தைத் தண்ணீர் போல் ஐதாக்கி எங்கும் பூசி, அது காய்வதற்குள் பஞ்சு சுற்றிய குச்சியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். குறுக்கே துடைக்கக் கூடாது. மழை குறுக்கே ஓடாது. ஆணித்தலைகளின் இடுக்குகளில் அழுக்குத் தங்கிவிடும், சமதளம் ஓரளவு வெளிறும். காய்ந்தபின் தூள். கடையில் இதற்கென்று தூள்கள் விற்கிறார்கள். நிறச் சோக்கை அரத்தாளில் உரைத்து எடுப்பவர்களும் உண்டு. மென்மையான தூரிகையால் தொட்டு வைத்து, மேலே மறுபடியும் மினுக்கமற்ற வார்னிஷ்.

வர்ணம் உரிந்த தகரத்துக்கு உப்புப் போதும். முதலில் துரு நிறம் பூசிக் காயவிடுவார்கள். உரிய வேண்டிய இடங்களை ஈரமாக்கிச் சமையல் உப்பைத் தூவுவார்கள். உப்புக் காய்ந்து ஒட்டியதும் அதன் மேல் பச்சையோ சிவப்போ, எஞ்சினின் நிறத்தை விசிறுவார்கள். அதுவும் காய்ந்தபின் விரலால் உரசினால் உப்புக் கற்கள் உதிரும், அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். பிறகு தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். உப்பு மிஞ்சினால் ஈரத்தை இழுத்துப் பூச்சைக் கெடுக்கும். விசிறும் வர்ணத்தை வீட்டுக்குள் பாவிக்கக் கூடாது. தூளை உரைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது.

பாதி எழுத்து அழிந்த பெட்டி

சுரங்கத்திலிருந்து கரி ஏற்றிய பலகைப் பெட்டிகளிலும் ஒரு கதை உண்டு. போருக்கு முன்பு இவை பெரும்பாலும் தனியாருடையவை. சுரங்க முதலாளியினதும் கரி வியாபாரியினதும் பெயர்கள் பெரிய எழுத்துகளில் பக்கப் பலகைகளில் இருக்கும். 1939இல் போர் தொடங்கியதும் அரசாங்கம் இவற்றைப் பொதுப் பாவனைக்கு எடுத்தது. வர்ணத்துக்குத் தட்டுப்பாடு. பலகை உடைந்தால் புதுப் பலகை போடுவார்கள், பெயின்ற் அடிக்க மாட்டார்கள். ஆகவே ஒரு பெயரின் நடுவே இரண்டு பலகைகள் வெறும் மரமாக நிற்க, எழுத்துகளின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் மட்டும் மிஞ்சின. இலக்கம் எழுத மாத்திரம் ஒரு சிறு கறுப்புக் கட்டம்.

1944ஐக் காட்டும் மாதிரியில் எல்லாப் பெட்டிகளும் முழுப்பெயரோடு பளிச்சென்று நின்றால் அது பிழை. ஒவ்வொரு பலகையையும் வெவ்வேறு சாம்பல் நிறத்தில் தீட்டி, ஒன்றை மட்டும் புது மரத்தின் வெளிர் நிறத்தில் விடுவதுதான் சரி. ஒட்டுப் போட்ட இடத்தை மறைக்காமல் காட்டுவதில்தான் அந்தப் பெட்டியின் முழு அழகும் இருக்கிறது என்பது எனது அபிப்பிராயம்.

இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். போர்க்கால நிலையத்தைச் செய்பவர்கள் சிலர் அதில் ஆண்களை மட்டுமே நிறுத்திவிடுகிறார்கள். அக்காலத்தில் பிரித்தானியப் புகையிரதங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். சுமை தூக்கினார்கள், கைகாட்டி இயக்கினார்கள், எஞ்சின்களில் படிந்த கரியைச் சுரண்டித் துடைத்தார்கள், பட்டறைகளில் இரும்பு வேலை செய்தார்கள். எஞ்சின் ஓட்டவோ கரி போடவோ மட்டும் அவர்களை விடவில்லை. போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பெரும்பாலான பெண்கள் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். மேடையில் 20 மி.மீ. உயரத்தில் ஒரு பெண்ணைக் காற்சட்டையும் தொப்பியுமாக நிறுத்துவதற்குப் பெரிய செலவில்லை.

குசினியில் உள்ள சாமான்கள்

நிலத்தை அமைப்பதற்கு விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. பழைய பத்திரிகைக் கடதாசியைக் கசக்கி வைத்து, பசையில் தோய்த்த கடதாசித் துண்டுகளை மேலே ஒட்டினால் மேடு பள்ளம் வந்துவிடும். மரத்தூளுக்குப் பச்சை நிறமூட்டிப் புல்லாக்குவது பழைய முறை. வடித்த தேயிலைச் சக்கையை நன்றாகக் காயவைத்துத் தூவினால் காட்டுத் தரை. (கடல் கடந்து போன எமது மலையகத்துத் தேயிலையும் எத்தனை மாதிரிக் காடுகளில் சருகாகக் கிடக்கிறதோ!) தண்டவாளத்தின் நடுவே சிறுகல் பரப்பி, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்து, மருந்து விடும் குழாயால் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சவர்க்காரத் துளி இல்லாவிட்டால் பசை கற்களுக்குள் இறங்காமல் மேலே முத்துப் போல் உருளும்.

எங்கள் நிலையங்கள்

இதையெல்லாம் எழுதும்போது வடக்கின் தண்டவாளம் நினைவுக்கு வராமல் இராது. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை பூர்த்தியான பாதை அது. கோச்சி கூவும் நேரத்தைக் கேட்டு உலை வைத்த ஊர்கள் அதன் இருமருங்கிலும் இருந்தன. 1990 யூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. நிலையங்கள் உடைந்து, சுவர்களில் மரம் முளைத்துக் கிடந்தன. இந்திய உதவியுடன் பாதை மீண்டும் போடப்பட்டு, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் திரும்பி வந்தது. புதிய நிலையங்கள் எழுந்துள்ளன. பழையவற்றின் உருவம் சில புகைப்படங்களிலும், ஐம்பது வயது தாண்டியவர்களின் மனங்களிலும்தான் இருக்கிறது.

ரோய் இங்கிலன்ட் அளவுநாடாவோடு போனபோது வீடுகள் நின்றுகொண்டிருந்தன. எங்களில் பலருக்கு அளக்கச் சுவர் இல்லை. ஆனாலும் வழி உண்டு. கதவு 6 அடி என்று கொண்டால் மற்றவற்றை அதிலிருந்து கணக்கிடலாம். விறாந்தை எத்தனை கதவு நீளம், தூண்கள் எத்தனை, கிணறு எந்தப் பக்கம், வேம்பு எந்த மூலையில், பயணச்சீட்டு யன்னல் பிள்ளைகளுக்கு எட்டுமா எட்டாதா என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டால் ஒருவர் மறந்ததை மற்றவர் திருத்துவார். பிஸ்கற் பெட்டி மட்டையே போதும். நிலையத்துக்குச் செய்யும் அதே கணக்கு விட்டுவந்த வீட்டுக்கும் பொருந்தும்.

எல்லோருக்கும் இது ஏற்றது என்று சொல்ல மாட்டேன். நினைப்பதே பாரமாயிருக்கும் நாட்களில் மட்டையை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அது எங்கும் ஓடிவிடாது.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: எந்த ஆண்டு? மாதிரிக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. ஒரே நிலையம் 1975இல் ஒருவிதம், 1989இல் வேறு விதம். ஆண்டைக் குறித்துவிட்டால் சுவரின் நிறம், கதவின் பெயின்ற், ஓட்டின் பாசி எல்லாம் அதற்கேற்ப அமையும். பிறகு பழமை பூசலாம். வலிகாமத்துச் செம்பாட்டு மண் என்றால் கூரையோரத்தால் விழும் மாரித்தண்ணீர் சுவரடியில் சிவப்பைத் தெறித்திருக்கும், ஏறத்தாழ ஒரு முழ உயரத்துக்கு. இந்த அளவில் அது 6 மி.மீ. ஐதான செங்கபிலத்தைப் பழைய பல் தூரிகையில் தொட்டு, மயிர்களை விரலால் பின்னுக்கு இழுத்துவிட்டால் துளி துளியாகத் தெறிக்கும். அதற்கு மேலே போகாமல் ஒரு கடதாசியால் சுவரை மறைத்துக்கொள்ளவும்.